ஊசிமணி பாசிமணி: ஒரு ‘பாரம்பரியத்தின்’ வயது

கைவினைக் கண்காட்சிகளில் நரிக்குறவர் ஸ்டால் ஒன்று இருந்தால், மேலே ‘பாரம்பரிய மணி வேலைப்பாடு’ என்கிற மாதிரி ஒரு பலகை தொங்கும். அதே மணி, அதே கை, கபாலீஸ்வரர் கோயில் குளக்கரையிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ ஒரு தார்பாய் விரிப்பில் இருந்தால் பலகை கிடையாது. அது வெறும் ‘ஊசிமணி பாசிமணி’. இந்த வித்தியாசம் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதைவிடவும் அந்தப் ‘பாரம்பரிய’ என்ற சொல். இருபது வயதுப் பையன் ஒருவன் கால் கட்டைவிரலில் நூலை மாட்டி இழுத்துப் பிடித்து மணி கோர்க்கிறான். பார்க்கிற நமக்கு அது ஆயிரம் வருஷத்துத் தொழில் மாதிரித் தோன்றுகிறது. உண்மையில் அவனுடைய கொள்ளுத்தாத்தாவைப் பார்த்து ‘உங்க தொழில் என்ன?’ என்று கேட்டிருந்தால் பாசிமணி என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அது பற்றிச் சேர்த்த குறிப்புகள் இவை.

முதலில் பெயர். ‘நரிக்குறவர்’ என்பது நாம் வைத்த பெயர். இன்னொரு பழைய பெயர் குருவிக்காரர். அவர்கள் தங்களை வாக்ரி என்றும், பேசுகிற மொழியை வாக்ரிபோலி என்றும் சொல்கிறார்கள். அது இந்தோ-ஆரிய மொழி. குஜராத்திக்கு நெருக்கமானது, தனி எழுத்து கிடையாது. வீட்டில் வாக்ரிபோலி, தெருவில் தமிழ், போகிற ஊரைப் பொறுத்துத் தெலுங்கோ கன்னடமோ மலையாளமோ. பள்ளிக்கூடத்தையே பார்க்காத ஒரு பாட்டி நாலு மொழியில் பேரம் பேசுவதை ராமேஸ்வரத்தில் பார்க்கலாம். நமக்கு இது ஆச்சரியமாகத் தெரியும். அவர்களுக்கு இது தொழில் கருவி.

‘குறவர்’ என்ற பின்னொட்டு வந்ததால் ஒரு குழப்பம் நிரந்தரமாகிவிட்டது. சங்கப் பாடல்களில் வருகிற மலைக் குறவர் வேறு, இவர்கள் வேறு. திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான், சிங்கி குறி சொல்கிறாள். அந்தச் சிங்கனையும் தெருவில் வரும் குருவிக்காரரையும் பொதுப்புத்தி ஒட்ட வைத்துவிட்டது. சினிமா மிச்சத்தைச் செய்தது. 1968-இல் வந்த ‘ஒளிவிளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆர். நரிக்குறவர் வேடத்தில் ஆடிய பாட்டுக்குப் பிறகு, பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டி வரைக்கும் அந்த உடையும் ‘சாமியோவ்’ என்ற குரலும் போய்ச் சேர்ந்தன. மொழியிலும் வரலாற்றிலும் தொடர்பில்லாத ஒரு சமூகத்துக்குத் தங்கள் பெயர் போவதைத் தமிழ்நாட்டுக் குறவர் அமைப்புகள் எதிர்த்துப் பேசியும் வருகின்றன. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சரி, மணிக்கு வருவோம்.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் ‘குருவிக்காரன்’ என்று தனிப் பதிவு இருக்கிறது. காலனிய அதிகாரியின் பார்வை, அதற்கான எல்லாக் கோளாறுகளோடும். ஆனால் அவர் எதை முன்னால் வைக்கிறார் என்பது முக்கியம். பறவை பிடிப்பவர்கள், நரி வேட்டையாடுபவர்கள், நரித்தோலில் பை தைப்பவர்கள் என்றுதான் அந்தப் பதிவு தொடங்குகிறது. தெலுங்கில் ‘நக்கலவாண்டுலு’ என்ற பெயரும் நரியை வைத்தே வந்தது. நரிக்கொம்பு சமாச்சாரமும் அவரிடம் உண்டு. நரிக்கு ஏது கொம்பு? மண்டையோட்டுத் துண்டையும் தோலையும் முடியையும் வைத்துச் செய்யப்பட்டது அது. அதிர்ஷ்டம் என்று நம்பி வாங்கினவர்கள் ஊருக்குள் இருந்த பெரிய மனிதர்கள்தான். யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதை விடுங்கள். கவனிக்க வேண்டியது, நரிக்கொம்பும் ஒரு கைவேலைதான். மூலப்பொருள் காட்டிலிருந்து, வேலை கையில், வாங்குபவர் ஊரில். பிற்பாடு பாசிமணி நுழைந்தது இந்த ஏற்பாட்டுக்குள்தான்.

பாசிமணி அப்போதும் இருந்திருக்கும். பெண்கள் தங்கள் கழுத்துக்குக் கோர்த்துக்கொண்டது, கூடையில் ஊசி, சீப்பு, ஊக்கு இவற்றோடு சேர்த்து வீடு வீடாக விற்றது. ‘ஊசிமணி பாசிமணி’ என்று இரண்டும் சேர்ந்தே நாக்கில் வருவதன் காரணத்தை அந்தக் கூடையில் தேடலாம். ஊசி அன்றாடத் தேவை. ஊசி விற்க உள்ளே போன இடத்தில் மணியும் விலைபோகும். ஆனால் அது பெண்களின் கூடையில் இருந்த பக்கவாட்டு வரும்படி. வீட்டின் நடுத்தூண் வேட்டை. காடை, கௌதாரி, கொக்கு சந்தைக்குப் போகும். வயலில் நரியையும் பன்றியையும் விரட்டிக் கொடுத்தால் விவசாயி நெல் கொடுப்பார். நாட்டுத் துப்பாக்கி, கண்ணி, வலை இவைதான் சொத்து.

அந்தத் தூணை உருவியது ஒரே அடியில் நடக்கவில்லை. 1878-இன் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 1882-இன் சென்னை வனச் சட்டம் காட்டைக் கோடு போட்டு அரசுக் காடாக்கியது. இரண்டையும் சமாளித்துக்கொண்டு ஏறத்தாழ நூறு வருஷம் ஓடியிருக்கிறது, ஏனென்றால் இவர்கள் வேட்டையாடியது பெரும்பாலும் காட்டுக்குள்ளே அல்ல. ஏரிக்கரை, புதர், அறுவடை முடிந்த வயல். பெரிய அடி 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். உரிமம் வாங்கிச் சிலவற்றைச் சுடலாம் என்று அது விட்டுவைத்திருந்த வாசலை 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் மூடியது.

இந்தச் சட்டத்தைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. புலியும் யானையும் மிஞ்சியிருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் வேட்டையைப் பொழுதுபோக்காகச் செய்த ஜமீன்தாரும் அதிகாரியும் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு மறுநாள் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். கௌதாரி விற்று அரிசி வாங்கின குடும்பத்துக்கு மறுநாள் என்ன என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு தொழிலைச் சட்டம் போட்டு நிறுத்தும்போது மாற்று ஏற்பாடு பற்றிப் பேச வேண்டும் என்கிற எண்ணம் அன்றைக்கு யாருக்கும் வந்த மாதிரித் தெரியவில்லை.

அப்போதுதான் பெண்களின் கூடையிலிருந்த பக்கவாட்டு வரும்படி வீட்டின் நடுவுக்கு வந்தது. ஆண்களும் மணி கோர்க்க உட்கார்ந்தார்கள். கண்ணியும் வலையும் முடைந்த விரலுக்கு நூலும் கம்பியும் புதிது இல்லைதான். ஆக, நாம் ‘பாரம்பரியக் கைவினை’ என்று பலகை மாட்டுகிற இந்த முழுநேரத் தொழிலுக்கு வயது ஐம்பதைச் சுற்றித்தான் இருக்கும். கோர்க்கும் கைப்பழக்கம் பழையது. அதை மட்டுமே நம்பி ஒரு குடும்பம் உயிர்வாழ வேண்டும் என்ற நிலைமை புதியது.

மணி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கதை இன்னும் விரிகிறது. கண்ணாடி மணியை இவர்கள் செய்வதில்லை. உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத், புர்தில்நகர், வாராணசி என்று உலை வைத்து மணி செய்கிற ஊர்கள் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனை, சௌகார்பேட்டை மொத்தக் கடைகளிலேயே எடை போட்டுக் கிடைக்கும். சின்ன ருத்திராட்சத்தில் பெரும்பங்கு இந்தோனேசியாவில் விளைந்தது. ‘ஸ்படிகம்’ என்ற பெயரில் தெருவில் தொங்குவதில் நிறைய சாதாரணக் கண்ணாடி. பிளாஸ்டிக் மணி எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டினார். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கண்ணாடி மணிகள் அந்த இடத்தின் புகழுக்கு ஒரு காரணம். அந்த வகை மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணி’ என்று பெயர் வைத்த பீட்டர் பிரான்சிஸ், ஆந்திராவில் காளஹஸ்திப் பக்கம் பாப்பநாயுடுபேட்டையில் ஏறக்குறைய அதே முறையில் மணி செய்பவர்களைப் பார்த்து எழுதினார். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைத் திரட்டி, உள்ளே கம்பியைச் செலுத்தி, கண்ணாடியை நீளமான துளைக் குழலாக இழுப்பார்கள். பிறகு அதைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். அற்புதமான தொடர்ச்சி. ஆனால் இதைப் படித்ததும் அரிக்கமேட்டிலிருந்து பாண்டி பஜார் விரிப்பு வரைக்கும் ஒரு நேர்க்கோடு போடுகிற ஆசை நமக்கு வரும். போடாதீர்கள். மணி செய்தவர்கள் வேறு, கோர்த்து விற்பவர்கள் வேறு. வாக்ரிகளின் வரலாற்றுக்குப் பெருமை சேர்க்க அரிக்கமேட்டைக் கடன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

அவர்களுடைய சொந்தத் திறமை வேறு இடத்தில் இருக்கிறது. எந்தக் கூட்டத்துக்கு எந்த மாலை என்ற கணக்கு அது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தருக்குத் துளசி மாலை, ருத்திராட்சம். தைப்பூசத்துக்குப் பழனி. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலப் பாதை. செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழா, அங்கே ஜெபமாலை. கன்னியாகுமரியில் வடநாட்டுச் சுற்றுலாக்காரருக்குச் சங்கும் மணியும் கலந்த சங்கிலி. சென்னைக் கடற்கரையில் கல்லூரிப் பெண்களுக்குக் காலில் போடும் ஒற்றை வட மணி, பையன்களுக்கு மணிக்கட்டில் கறுப்பு மணி. சில வருஷத்துக்கு முன்னால் கருங்காலி மாலைக்கு ஒரு அலை அடித்ததே, சினிமாக்காரர்கள் கழுத்தில் பார்த்துவிட்டு? இணையத்தில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லிக்கொண்டிருந்தபோது இவர்கள் விரிப்பிலும் கருங்காலி வந்துவிட்டது. அசலா என்று கேட்காதீர்கள். இணையத்தில் வாங்கினதும் அசலா என்று யாருக்குத் தெரியும். மோப்பம் பிடிப்பது, காத்திருப்பது, கூட்டம் வருகிற வழியில் போய் நிற்பது. வேட்டைக்காரக் குணம் என்று சொன்னால் கவித்துவமாக இருக்கும். எனக்கு அதைவிட நல்ல வியாபாரிக் குணம் என்று சொல்லத்தான் பிடிக்கிறது.

பெசன்ட் நகரில் ஒரு பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். விரிப்பின் ஓரத்தில் க்யூ.ஆர். அட்டை, ‘ஜிபே இருக்குண்ணா’ என்கிறான். குறடால் பித்தளைக் கம்பியை வளைத்து, மணியை நுழைத்து, மறுமுனையை வளைத்து அடுத்த கண்ணியோடு மாட்டுகிறான். பேசும்போதும் கை நிற்கவில்லை. கண்காட்சியில் ஸ்டால் போட்ட அனுபவம் கேட்டேன். “அங்க யாரும் பேரம் பேச மாட்டாங்கண்ணா. போர்டு வெச்சிருக்காங்கல்ல. இங்க அம்பது ரூவான்னா இருவதுக்குக் கேப்பாங்க” என்றான். பாரம்பரியம் என்ற சொல்லின் சந்தை மதிப்பை அவன் முப்பது ரூபாய் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். தங்கைக்கு இந்த வேலை பழக்குவீர்களா என்றதற்கு, “அதுக்குத் தெரியும். ஆனா படிக்குது” என்று முடித்துவிட்டான்.

இந்த இடத்தில் குஜராத்துக்கு ஒரு எட்டு போய்வர வேண்டியிருக்கிறது. அங்கே வாக்ரி என்ற அதே பெயரில் ஒரு சமூகம் உண்டு. இப்போது தேவிபூஜக் என்ற பெயரையும் வைத்துக்கொள்கிறார்கள். பறவை பிடிப்பவர்கள் என்ற பழைய அடையாளம், மொழியின் சாயல், தேவி வழிபாடு, உயிர்ப்பலி என்று பல ஒற்றுமைகளை வைத்து நம் ஊர் வாக்ரிகளின் மூலத்தை அந்தப் பக்கம் தேடுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நகரங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்குகிறார்கள். தில்லி ரகுபீர் நகரில் அந்தப் பழந்துணிக்கென்றே விடிவதற்கு முன்னால் கூடுகிற பெரிய சந்தை இருக்கிறது. ஆக அங்கேயும் வேட்டைக்காரப் பெயர் கொண்டவர்கள் நகரத் தெரு வியாபாரிகள் ஆகிவிட்டார்கள், சரக்குதான் வேறு.

அகமதாபாத்தில் அதே சமூகத்தின் இன்னொரு கிளைக்கு வேறு மாதிரி அமைந்தது. ‘மாதா நி பச்சேடி’ என்று ஒரு ஓவியத் துணி. நடுவில் தேவி, சுற்றிலும் பக்தர்கள், விலங்குகள். கறுப்பும் சிவப்பும் அதன் அடையாள நிறங்கள். கோயிலுக்குள் விடாததால் துணியையே கோயிலாக்கிக்கொண்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் வரலாறு. சடங்குத் துணியாக இருந்தது அருங்காட்சியகம் போயிற்று, வடிவமைப்புக் கல்லூரி மாணவர்கள் தேடி வந்தார்கள், 2023-இல் பானுபாய் சித்தாராவுக்கு அந்தக் கலைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் கைத்திறன் பெரிது, சந்தேகமே இல்லை. இருந்தாலும் நான் யோசிப்பது, துணி ஓவியத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், வரைந்தவர் பெயரைக் கீழே எழுதலாம். பாசிமணிச் சங்கிலியில் யார் பெயரை எங்கே எழுதுவது? கலை என்று ஒன்றை ஏற்றுக்கொள்ள நமக்கு ஒரு மூலையில் கையெழுத்து தேவைப்படுகிறது போல.

தமிழ்நாட்டில் அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. திருச்சிப் பக்கம் தேவராயநேரி போன்ற குடியிருப்புகள் உருவாயின. அங்கே சமூகத்துக்கென்றே ஒரு பள்ளியும் நடக்கிறது. 2008-இல் நரிக்குறவர் நல வாரியம் வந்தது. பழங்குடிப் பட்டியல் விஷயம்தான் ஆமை வேகம். லோகூர் குழு 1965-லேயே பரிந்துரைத்ததை, 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. ஐம்பத்தேழு வருஷம். பரிந்துரை வந்தபோது பிறந்த குழந்தைக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதெல்லாம் தாண்டி, ஓய்வுபெறும் வயதே நெருங்கிவிட்டது.

சான்றிதழ் கைக்கு வந்தாலும் தெருவில் என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு சம்பவங்களை எல்லாரும் செய்தியில் பார்த்திருப்போம். 2021-இல் மாமல்லபுரத்தில் ஒரு கோயில் அன்னதானப் பந்தியில் குழந்தையோடு வந்த பெண்ணை உட்கார விடவில்லை. அவர் பேசிய காணொளி பரவி, அந்தத் தீபாவளி அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போனார். 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கு ஒன்றில் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த குடும்பத்தை உள்ளே விட மறுத்தார்கள். காணொளி பரவியபின் ‘படத்துக்கு யு/ஏ சான்றிதழ், குழந்தைகள் இருந்தார்கள்’ என்று விளக்கம் வந்தது. அதே வாரம் எத்தனை குடும்பங்கள் கைக்குழந்தையோடு யு/ஏ படம் பார்த்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டிலும் மணி விற்ற அனுபவம் உதவியிருக்கிறது என்பது என் ஊகம்: கூச்சப்படாமல் முகத்துக்கு நேராகப் பேசுகிற பழக்கம்.

இப்போதைய சிக்கல் தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. நல்ல சட்டம்தான். போலீஸ்காரர் நினைத்தால் விரிப்பைச் சுருட்டி எறிகிற காலத்துக்கு முடிவுகட்ட வந்தது. நகர விற்பனைக் குழு கணக்கெடுத்து, பதினான்கு வயது நிறைந்த வியாபாரிக்கு விற்பனைச் சான்றிதழ் தரும். பிள்ளைகள் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 2016-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளை விரிப்புக்குப் பின்னால் உட்காருவதில் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கு இருக்கிறது. உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று கிரிவலப் பாதையில் இரவு பதினொரு மணிக்கு யார் அளப்பது?

சட்டத்தின் மனசில் இருக்கிற வியாபாரி ஒரே ஊர்க்காரர். அவருக்கு ஒரு தெரு, ஒரு நடைபாதை, கணக்கெடுக்க வருகிற நாளில் அவர் அங்கே இருப்பார். பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013-இல் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றியபோதும் அதே கணக்குதான். பட்டியலில் இருந்தவருக்குக் கடை. 2019-இல் அந்தச் சாலையே அகலமான நடைபாதையும் இருக்கைகளுமாக மாறித் திறக்கப்பட்டது. நடக்கச் சுகமாக இருக்கிறது. விரிப்பைப் போட்டு உட்கார்ந்தால் காவலர் வருகிறார், ஆகவே மாலைகளைக் கையிலும் தோளிலும் மாட்டிக்கொண்டு நின்றபடியே விற்கிறார்கள்.

கார்த்திகையில் சபரிமலைப் பாதை, தையில் பழனி, மற்ற மாதங்களில் சென்னை என்று சுற்றுகிற இருபது வயதுப் பிள்ளைக்கு எந்த ஊர் நகராட்சி சான்றிதழ் தரும்? நடமாடும் வியாபாரி என்ற வகை சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த நடமாட்டம் ஒரு நகர எல்லைக்குள். கணக்கெடுப்பு நடக்கிற மாதம் அவன் வேறு ஊரில் இருந்தால், அந்த ஊரின் ஏட்டில் அவன் தெருவோர வியாபாரியே அல்ல.